ஸ்டேஷனில் ஆள் இல்லை என்றால் யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரு நகராட்சியில் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஆறு மாதத்துக்குள் எங்கள் பகுதியில் நான்கு வீடுகளில் திருட்டு. அதில் ஒன்று என் வீடு. இரவு ரோந்து வருவதே இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால், "ஆள் எங்க சார் இருக்கு? இருக்கிறவங்களும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க" என்கிறார் இன்ஸ்பெக்டர். புகார் கொடுக்கப் போன அன்று ஏட்டு ஒருவர் ஒரு பண்டல் பேப்பர் வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன். போன குளிர்காலத்தில் அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே நகர மன்றத்தில் பட்ஜெட் விசாரணை. போலீஸுக்கு இவ்வளவு பணம் எதற்கு, இத்தனை ஆள் போதுமா என்று சாதாரண ஜனங்கள் வரிசையில் நின்று மைக்கில் பேசினார்கள். நம் ஊரில் அப்படிக் கேட்க நமக்கு உரிமை உண்டா? யாரிடம் கேட்பது? இன்னொன்று: சங்கத்தில் வசூல் செய்து ஸ்டேஷனுக்கு கேமராவும் ஒரு பைக்கும் வாங்கித் தரலாம் என்கிறார்கள் சிலர். நம் பையன்களையே போலீஸோடு ராத்திரி ரோந்துக்கு அனுப்பலாம் என்கிறார்கள் வேறு சிலர். செய்யலாமா?

பதில்: ஐயா, கேட்க உரிமை உண்டு. ஆனால் மினியாபொலிஸில் நீங்கள் பார்த்த மைக் நம் ஊரில் எங்கும் கிடையாது. அதைத் தேடிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

அங்கே போலீஸ் என்பது நகராட்சியின் ஒரு துறை. குப்பை அள்ளுவதற்கும் தண்ணீர் விடுவதற்கும் பணம் ஒதுக்குகிற அதே மன்றம் போலீஸுக்கும் ஒதுக்குகிறது. அதனால் அந்த மன்றத்தின் முன்னால் நின்று பேசினால் அர்த்தம் இருக்கிறது. இங்கே காவல்துறை மாநில அரசின் கையில். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் இரண்டாவது இனமே அதுதான். நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்த 74-ஆவது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் 18 வேலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. தெருவிளக்கு, சுடுகாடு, ஆடு மாடு அறுக்கும் இடம் எல்லாம் உண்டு. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கிற பட்டி கூட உண்டு. போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. உங்கள் கவுன்சிலர் தீர்மானம் போடலாம், அது கோரிக்கையாக மேலே போகும், அவ்வளவுதான்.

மினியாபொலிஸைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வந்த ஊர் என்பதால். அந்த நகரத்தின் சாசனத்திலேயே, ஆயிரம் பேருக்கு 1.7 போலீஸ் என்ற கணக்கில் குறைந்தபட்ச ஆள் பலத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று 1961 முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்தது அந்த ஊரில்தான். அதன்பிறகு போலீஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். அந்தக் குறைந்தபட்சக் கணக்கையே எடுத்துவிட்டு, போலீஸ் துறைக்குப் பதிலாக வேறொரு துறையை வைக்கலாமா என்று 2021 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். நகரத்தின் வடக்குப் பகுதிக்காரர்கள் எட்டுப் பேர், "எங்கள் தெருவில் துப்பாக்கிச் சூடு, போலீஸ் போதவில்லை" என்று நகரத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2022 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: மன்றம் பணத்தை ஒதுக்கிவிட்டது, அதன் கடமை முடிந்தது, அந்த 1.7 கணக்குப்படி 731 பேரை வேலையில் வைத்திருக்க வேண்டியது மேயரின் கடமை, அதை அவர் செய்யவில்லை, காரணம் சொல்லட்டும். மேயர் தரப்பு சொன்ன காரணம் எளிமையானது. வேலைக்கு ஆள் எடுக்க முயன்றுகொண்டுதான் இருக்கிறோம், போகிற வேகத்துக்கு வருகிறவர்கள் இல்லை. கீழ்க்கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது.

அவ்வளவு மைக், அவ்வளவு வழக்கு எல்லாம் இருந்தும், பணம் இருந்த இடத்தில் ஆள் இல்லை. பணக் கணக்கு ஒரு நோட்டு, ஆள் கணக்கு இன்னொரு நோட்டு. நம் ஊரில் இரண்டோடு மூன்றாவது நோட்டு ஒன்றும் இருக்கிறது: இருக்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்பது. நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான். முதல் இரண்டையும் பற்றி உங்கள் இன்ஸ்பெக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதை உங்கள் மாவட்ட எஸ்.பி. நினைத்தால் ஒரே நாளில் மாற்றலாம்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், சீக்கிரம் முடித்துவிடலாம். தமிழ்நாட்டு பட்ஜெட்டில் போலீஸுக்குப் பணம் கேட்டு சட்டமன்றத்தில் வைக்கிற மானியக் கோரிக்கையின் எண் 22. சட்டமன்றத்தில் அது விவாதத்துக்கு வரும் நாளில் காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற ஒரு புத்தகத்தை வைப்பார்கள். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும், இறக்கிப் படியுங்கள். மாநிலம் முழுக்கப் பதவிவாரியாக எத்தனை பணியிடம், எத்தனை காலி என்ற அட்டவணை அதில் வரும். 2021 ஆகஸ்டில் போட்ட திருத்திய பட்ஜெட்டில் காவல்துறைக்கு 8,930 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 1,33,198 பணியிடங்களில் 14,317 காலி என்று நிதியமைச்சரே உரையில் சொன்னார். அடுத்த ஆண்டே ஒதுக்கீடு பத்தாயிரம் கோடியைத் தாண்டியது. இதில் பெரும்பகுதி சம்பளம். உங்கள் ஸ்டேஷனுக்கு என்று தனி பட்ஜெட் எதுவும் கிடையாது. பெட்ரோல், வண்டி ரிப்பேர், பேப்பர், பேனா எல்லாவற்றுக்கும் பணம் எடுத்துக் கொடுக்கிற கை எஸ்.பி. ஆபீஸ். அங்கேயும் கணக்குப் பிரிவில் நாலு கிளார்க்குகள் மேலிருந்து வந்த தொகையை ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பண்டல் பேப்பர் உங்கள் தலையில் விழுந்த கதை இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

அப்புறம் ஆள் கணக்கு. "காலியிடத்தை நிரப்பினால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நிரப்பினால் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து, உடல் தகுதி பார்த்து, பயிற்சி முடித்து வெளியே வருகிற இரண்டாம் நிலைக் காவலர் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வரமாட்டார். ஆயுதப்படைக்கோ பட்டாலியனுக்கோ போவார். அங்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் லோக்கல் ஸ்டேஷனுக்கு மாற்றல். ஆகவே இன்று சட்டமன்றத்தில் "பத்தாயிரம் பேரைத் தேர்வு செய்கிறோம்" என்று அறிவித்தால் அதன் பலன் உங்கள் தெருவுக்கு வருவதற்குள் உங்கள் பேரப்பிள்ளை காலேஜ் முடித்திருப்பான். இன்னொரு சிக்கல்: கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் ஏட்டாகவும், பிறகு சிறப்பு எஸ்.ஐ.யாகவும் தரம் உயர்வார். அவருக்கு நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சில ஸ்டேஷன்களில் எண்ணிப் பார்த்தால் ஐம்பது வயது தாண்டிய எஸ்.எஸ்.ஐ.க்கள் அரை டஜன் இருப்பார்கள், இரவு பைக் எடுத்துச் சுற்ற வேண்டிய வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேர்தான். மொத்த எண்ணிக்கையைக் கேட்டால் இது தெரியாது. பதவிவாரியாகக் கேட்டால்தான் தெரியும்.

இனி மூன்றாவது நோட்டு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், ஆசிரியர் நீங்கள், பிடிக்கும். ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்பவர் ஒருவர். 24 மணி நேரமும் அங்கே ஆள் வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒரு நாளைக்கு மூன்று. ஆண்டுக்கு 1,095 ஷிஃப்ட். ஒரு காவலருக்கு வார ஓய்வு 52 நாள், மற்ற விடுப்புகள் ஒரு முப்பது நாள் என்று கழித்தால் அவர் வேலைக்கு வருவது 283 நாள். 1,095-ஐ 283-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட நாலு. ஒரே ஒரு பாராவுக்கு நாலு பேர்! நிஜத்தில் யாருக்கும் எட்டு மணி நேரம் கிடையாது, பன்னிரண்டு, சில நாள் இருபத்துநாலு. காவலர்களுக்கு வார ஓய்வு என்று 2021-இல் அரசாணை போட்டார்கள். ஆள் இல்லாத ஸ்டேஷனில் அந்த ஓய்வு பெரும்பாலும் நோட்டில்தான் இருக்கும். பாரா போக ரைட்டர், வரவேற்பு மேஜை, கோர்ட்டுக்கு ஒருவர், சம்மன் வாரண்டு கொடுக்க ஒருவர், கைதியை ஜெயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போக இரண்டு பேர். முப்பது பேர் இருக்கிற ஸ்டேஷனில் இதெல்லாம் போக, உங்கள் தெரு முனையில், ரோந்து வந்ததற்கு அடையாளமாக பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட வருவதற்கு யார் மிச்சம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். டெல்டா பக்கம் வேறு இருக்கிறீர்கள். ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை சுற்று வட்டார ஸ்டேஷன்களில் ஆள் எண்ணிக்கை கரைந்துவிடும். இன்ஸ்பெக்டர் சொன்னதில் பாதி உண்மை.

மீதிப் பாதி மாற்றுப்பணி. சம்பளப் பட்டியலில் உங்கள் ஸ்டேஷன், உடம்பு வேறெங்கோ. எஸ்.பி. ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலைக்கு ஒருவர், டி.எஸ்.பி. முகாம் அலுவலகத்துக்கு ஒருவர், தனிப்படைக்கு இரண்டு பேர் என்று வாய்மொழி உத்தரவிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும். தனிப்படை அவசியம்தான். முகாம் அலுவலகம் என்ற பெயரில் அதிகாரி வீட்டில் துணி காயப்போடுவதும் நாயைக் குளிப்பாட்டுவதும் அவசியமில்லை. போலீஸ்காரரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைக்கிற ஆர்டர்லி முறையை தமிழ்நாடு அரசு 1979-லேயே ஒழித்துவிட்டது. ஒழித்த பிறகும் 43 ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் "நாலு மாதத்தில் முழுசாக ஒழியுங்கள்" என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

சரி, இந்த நோட்டை எப்படிக் கேட்டு வாங்குவது? தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. ஆனால் கேட்கிற விதத்தில் சூட்சுமம் இருக்கிறது. "எங்கள் பகுதியில் ஏன் ரோந்து வருவதில்லை?" என்று கேட்டால், "தாங்கள் கோருவது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சட்டப்படி அது சரியும் கூட. ‘ஏன்’ என்ற கேள்விக்கு விளக்கம் தர அலுவலருக்குக் கடமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். தேதியோடு கேளுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கடந்த மாதம் 1-ஆம் தேதி நிலவரப்படி எங்கள் நகரக் காவல் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதவிவாரியாக எத்தனை? அந்த எண்ணிக்கை கடைசியாக எந்த அரசாணையில், எந்த ஆண்டு நிர்ணயிக்கப்பட்டது? அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை? நிலையத்தின் பலத்தில் காட்டப்பட்டு, வேறு அலுவலகத்தில் மாற்றுப்பணியில் இருப்போர் எத்தனை பேர், எந்தப் பதவி, எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து? பெயர்கள் தேவையில்லை. மாற்றுப்பணி ஆணைகளின் நகல், பெயர்களை மறைத்து. கடந்த இரண்டு நிதியாண்டுகளில் இந்நிலைய வாகனங்களின் எரிபொருளுக்கும், நிலையத்தின் எழுதுபொருளுக்கும் ஒதுக்கிய தொகை, செலவான தொகை."

அந்த இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல ஸ்டேஷன்களின் ஆள் எண்ணிக்கை, ஊர் பாதியாக இருந்த காலத்தில் போட்டது. அரசாணையின் ஆண்டு கைக்கு வந்தால், அதற்குப் பக்கத்தில் அன்றைய மக்கள்தொகையையும் இன்றைய வார்டுகளின் எண்ணிக்கையையும் எழுதினாலே போதும், வேறு வாதம் வேண்டாம். மினியாபொலிஸ்காரர்களுக்கு சாசனத்தில் 1.7 என்று ஒரு எண் இருக்கிறது. நமக்கு இருக்கிற எண் அந்த அரசாணை மட்டும்தான்.

மனுவை ஸ்டேஷனில் கொடுக்காதீர்கள். மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். அரசின் ஆன்லைன் தளத்திலும் போடலாம். சங்கத்தின் பெயரில் போடாதீர்கள், சட்டம் ‘குடிமகன்’ என்கிறது. உங்கள் பெயரில் கையெழுத்துப் போடுங்கள். காரணம் எழுத வேண்டாம், கேட்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் போடாமல் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக, வேறு வேறு ஸ்டேஷன்களைப் பற்றிப் போட்டால் நல்லது. "யார் இந்த வாத்தியார்?" என்று விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வரும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. மூன்று பேர் வீட்டுக்கும் வரச் சங்கடப்படுவார்கள்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். முதல் பதில் பெரும்பாலும் "பாதுகாப்புக் காரணங்களால் வழங்க இயலாது" என்று வரும். உளவுப் பிரிவுகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, உங்கள் நகர ஸ்டேஷனுக்குக் கிடையாது. ஒரு தனிநபரின் விவரம் என்று தட்டிக்கழிப்பார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை இன்னும் அகலமாக்கிவிட்டது. அதற்காகத்தான் பெயர் வேண்டாம் என்று முதலிலேயே எழுதச் சொன்னேன். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ரோந்து என்றும் கேட்காதீர்கள். அதை மறுக்க அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது, திருடனுக்கும் அது உபயோகப்படும். மறுப்பு வந்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம், ஒளித்துச் சொல்ல விரும்பவில்லை. முதல் மேல்முறையீட்டிலேயே முடிக்கப் பாருங்கள்.

நான் ஒரு மாவட்டத்தில் என்னிடம் வந்த ஒருவருக்காக இதே மனுவைத் தயார் செய்து கொடுத்தேன். பாதுகாப்புக் காரணம் என்றுதான் பதில் வந்தது. மேல்முறையீட்டோடு கொள்கை விளக்கக் குறிப்பின் அட்டவணைப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்தோம்: மாநிலம் முழுக்க எத்தனை பேர் என்று அரசே அச்சடித்து வெளியிடுகிறது, ஒரு ஸ்டேஷனில் எத்தனை பேர் என்றால் மட்டும் ரகசியமா? மூன்று வாரத்தில் ஒரு தாள் வந்தது. டைப் அடித்த எண்ணிக்கையை அடித்து, பக்கத்தில் நீலப் பேனாவில் திருத்தி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாற்றுப்பணி என்ற கட்டத்தில், ‘முகாம் அலுவலகம் – 2’. நாங்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்த இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. கேள்வி எழுத்தில் போனதே போதுமானதாக இருந்தது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

தாள் கைக்கு வந்த பிறகு இரண்டு கடிதம் எழுதுங்கள். மாற்றுப்பணி பற்றியது எஸ்.பி.க்கு. காலியிடம், பழைய அரசாணை பற்றியது எம்.எல்.ஏ.வுக்கு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். எம்.எல்.ஏ.விடம் மார்ச் மாதம் போகாதீர்கள். அதற்குள் எல்லாம் அச்சாகியிருக்கும். துறைகள் அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று மதிப்பீடு தயாரிப்பது அதற்கு முந்தைய மழைக்காலத்தில். ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். கூடவே, 22-ஆம் மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் கேட்க ஒரே ஒரு கேள்வியை, ஊர் பெயர், அரசாணை எண், ஆண்டு எல்லாம் போட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும் உறுப்பினர்கள் இப்படித் தயாராக வருகிற தாளை விரும்புவார்கள். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. என்றால் சபையில் கேட்கத் தயங்குவார். அப்படியானால் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு நேராக அனுப்பலாம், அந்தக் குழு மாவட்டங்களுக்கு வந்து மனுக்களை விசாரிக்கும்.

மாநிலப் பாதுகாப்பு ஆணையம், காவல் புகார் ஆணையம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஏழு கட்டளைகளில் இவை வருகின்றன. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டு இரண்டையும் காகிதத்தில் வைத்தது. மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்.பி. யாரைப் பற்றிப் புகாரோ அவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எப்படியும் அது அத்துமீறல் புகார்களுக்கான இடம், ஆள் எண்ணிக்கைக்கு அல்ல. உங்கள் நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டாம்.

ஆனால் ஒரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கு நினைவிருக்கும். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கேமராப் பதிவைக் கேட்டபோது, ஹார்ட் டிஸ்கில் நிறைய இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. பணம் செலவாகி கேமரா வாங்கியாயிற்று, கணக்கில் ‘நிறுவப்பட்டது’ என்று ஏறியாயிற்று, ஆனால் அது பதிந்தது எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, பதிவு குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்க மாவட்டம்தோறும் ஒரு குழு. அதில் கலெக்டரும் எஸ்.பி.யும் மட்டுமல்ல, மாவட்டத்துக்குள் உள்ள ஒரு நகராட்சியின் தலைவரும், கிராமப்புறம் என்றால் மாவட்ட ஊராட்சித் தலைவரும் உறுப்பினர் என்று சொல்லியிருக்கிறது. ஓட்டுப் போட்டு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஸ்டேஷனுக்குள் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிக் கேட்க நாற்காலி போடப்பட்டிருப்பது, எனக்குத் தெரிந்து, அங்கே மட்டும்தான். உங்கள் நகராட்சித் தலைவரிடம் போய், அந்தக் குழுவில் யார் இருக்கிறார், கடைசிக் கூட்டம் என்றைக்கு நடந்தது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கும் இதே மூன்று கேள்வியைத் தகவல் உரிமையில் போடுங்கள். ‘கூட்டம் நடைபெறவில்லை’ என்று வந்தால் அதுவே உங்களுக்கு நல்ல ஆயுதம்.

இனி வசூல் விஷயம். பைக் வேண்டாம். யாருடைய பணத்தில் வண்டி ஓடுகிறதோ அவர் தெருவில் அது இரண்டு தடவை சுற்றும். பஸ் ஸ்டாண்டு முனையில் நகைக்கடை விளம்பரம் போட்ட தடுப்பு வேலிகளைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் கணக்கு எழுதாத ஒரு கடன் தொங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் அடுத்து உங்கள் சங்கத்தின் தலையில்தான் வரும். தெருவுக்குக் கேமரா வைக்க விரும்பினால் வையுங்கள். ஆனால் எழுத்தில் கடிதம் கொடுத்து, எஸ்.பி. அலுவலகத்திலிருந்து பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி, பராமரிப்பு யார் பொறுப்பு என்று அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மாற்றல் வந்தால் நாளைக்கே போய்விடுவார்.

பையன்களை ரோந்துக்கு அனுப்புவது இன்னும் ஆபத்து. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தில் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். சாத்தான்குளம் விவகாரத்தில் அவர்கள் பெயரும் அடிபட்டு, 2020 ஜூலையில் அரசே தடை போட்டது. ராத்திரி ஏதாவது அடிதடி ஆகி வழக்கு வந்தால் கூண்டில் நிற்பது பையன்தான், அவனுக்குத் துறையும் இல்லை, சட்டமும் இல்லை. உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறவர்களை ஊர்க்காவல் படைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சட்டம் உண்டு, பயிற்சி உண்டு, சீருடை உண்டு.

கடைசியாக அந்தப் பேப்பர் பண்டல். போனது போகட்டும், பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். எழுதுபொருள் ஒதுக்கீடு பற்றிய பதில் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், புகாருக்கு என்ன கிடைத்தது என்று எங்குமே எழுதவில்லை. மனு ஏற்புச் சீட்டு என்று சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்களா, எஃப்.ஐ.ஆர். போட்டார்களா? வீடு புகுந்து திருடினால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவு சொல்கிறது. நாலு வீட்டுத் திருட்டில் நாலும் எஃப்.ஐ.ஆராக ஏறவில்லை என்றால் உங்கள் பகுதியில் குற்றமே இல்லை என்றுதான் மேலே கணக்குப் போகும். குற்றம் இல்லாத ஊருக்கு எந்த அரசும் ஆள் கொடுக்காது. நாளைக்குக் காலையில் நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய் அந்த நகலை வாங்குங்கள். தகவல் உரிமை மனுவை அடுத்த வாரம் தபாலில் போடலாம்.